பத்மு தீவு: கப்பல் கூட்டம் கலைந்த பிறகு

வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் முதல் அதிகாரத்தில் பத்மு என்ற பெயரைப் படித்துப் பழகியவர்களுக்கு, அந்தத் தீவு இன்றும் அதே பெயரோடு இருக்கிறது, கப்பலேறினால் போய்ச் சேரலாம் என்பதே முதலில் சற்று வியப்பாக இருக்கும். கிரேக்க நாட்டின் தென்கிழக்குக் கடலில், துருக்கிக் கரைக்கு எதிரே பரந்து கிடக்கும் டோடெகனீஸ் தீவுக்கூட்டத்தில், ஏறக்குறைய 34 சதுர கிலோமீட்டர் பரப்பில், மூவாயிரம் பேர் அளவில் வாழும் சிறு தீவு அது; கிரேக்கர் அதைப் பாத்மோஸ் என்கிறார்கள். அக்டோபர் முதல் வாரத்தில் மூன்று இரவுகள் அங்கே தங்கினேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தீவு போய் வரத் தகுந்தது. ஆனால், சொகுசுக் கப்பலில் காலையில் வந்திறங்கி, யோவான் அந்தப் புத்தகத்தை எழுதியதாக மரபு சொல்லும் குகையையும், மலைமேல் அவர் பெயரால் நிற்கும் மடத்தையும் நான்கு மணி நேரத்தில் பார்த்து முடித்து, மதிய உணவுக்குக் கப்பலுக்கே திரும்பும் ஏற்பாட்டை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அந்த நான்கு மணி நேரத்தில்தான் தீவு தன்னை மிகக் குறைவாகக் காட்டுகிறது.

போய்ச் சேர்வது எளிதன்று. தீவில் விமான நிலையம் கிடையாது. ஏதென்ஸுக்கு அருகிலுள்ள பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பெரிய பயணிகள் கப்பலில், வழியில் நிற்கும் தீவுகளைப் பொறுத்து, ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகிறது. கோஸ், சாமோஸ், லேரோஸ் ஆகிய தீவுகளில் ஒன்றுக்கு விமானத்தில் போய் அங்கிருந்து சிறு கப்பலில் வருவது இன்னொரு வழி. நான் பிரேயஸிலிருந்து வந்தேன்; கரையில் கால் வைத்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. துறைமுகத்துக்கு ஆள் வந்து அழைத்துச் செல்வார் என்று உறுதி கூறியிருந்த விடுதியிலிருந்து எவரும் வரவில்லை. அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, கைப்பேசியின் வரைபடத்தை நம்பிப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். துறைமுக ஊரான ஸ்கலா மிகச் சிறியது என்பதால் இது பெரிய துன்பமாக முடியவில்லை என்றாலும், வயதான பெற்றோரோடு வருபவர்கள் கப்பல் வந்து சேரும் நேரத்தைப் பார்த்துவிட்டே சீட்டு வாங்க வேண்டும். பருவம் முடிய முடியக் கப்பல்களின் எண்ணிக்கை குறையும். பலத்த காற்று வீசும் நாளில் கப்பலே ஓடாமலும் போகலாம். ஆகையால், ஏதென்ஸிலிருந்து தாயகம் திரும்பும் விமானத்துக்கும் தீவை விட்டுக் கிளம்பும் நாளுக்கும் இடையில் ஒரு நாளாவது விட்டு வைப்பது நல்லது.

குகைக்கு நான் இரண்டு முறை சென்றேன். முதல் முறை சென்றது, எல்லோரும் செல்லும் காலை பத்து மணிக்கு. அன்று துறைமுகத்தில் ஒரு சுற்றுலாக் கப்பல் நின்றது. குகைக்கு இறங்கும் படிகளில் வரிசை; வரிசையில் நான்கைந்து மொழிகளில் வழிகாட்டிகளின் குரல்; உள்ளே போனவர்களை அடுத்த குழுவுக்கு இடம்விடச் சொல்லி நகர்த்திக்கொண்டே இருந்தார்கள். நான் உள்ளே நின்றது ஐந்து நிமிடத்துக்கு மேல் இராது. என் முன்னே நின்றவரின் முதுகையும், ஒரு வெள்ளித் தகட்டின் மினுக்கத்தையும் தவிர எதையும் பார்த்ததாக நினைவில்லை. இவ்வளவு தூரம் வந்தது இதற்கா என்ற எண்ணத்தோடுதான் வெளியே வந்தேன்.

மறுநாள் காலை, திறக்கும் நேரத்துக்கே போய் நின்றேன். அப்போதுதான் அந்த இடம் என்ன என்பது புரிந்தது. குகை என்ற சொல்லைக் கேட்டு மலைக்குள் நீளும் பெரிய வெளியை எதிர்பார்த்துச் செல்பவர்கள் ஏமாறுவார்கள். அது பாறையின் ஒரு குடைவு, அவ்வளவே. அதன் ஒரு பக்கத்தில் புனித அன்னாளின் பெயரால் சிற்றாலயம் ஒன்றைக் கட்டி, கட்டடமும் பாறையும் ஒரே கூரையின் கீழ் வருமாறு இணைத்திருக்கிறார்கள். ஒரு புறம் சுண்ணாம்பு பூசிய சுவரும் திருவோவியங்களும், மறுபுறம் கரும்பழுப்பான முரட்டுப் பாறை. நடுவே சில நாற்காலிகள். பாறைக்கூரை ஓரத்துக்குப் போகப் போகத் தாழ்ந்து வந்து, கடைசியில் ஒருவர் படுக்க மட்டுமே இடம் தருகிறது. அங்கே தரையை ஒட்டி ஒரு குழிவு, யோவான் தலை சாய்த்த இடம் என்று வெள்ளி வேலைப்பாட்டால் சுற்றிக் குறிக்கப்பட்டிருக்கிறது. அதற்குச் சற்று மேலே, எழுந்திருக்கக் கை ஊன்றினார் என்று சொல்லப்படும் இன்னொரு குழிவு. பக்கத்தில் மேசை போல் சரிந்திருக்கும் பாறை முகப்பில் வைத்துத்தான், அவர் சொல்லச் சொல்லச் சீடர் பிரொகோரு எழுதினார் என்பது மரபு. மேலே பாறையை மூன்றாகப் பிளக்கும் ஒரு வெடிப்பு ஓடுகிறது. எக்காள சத்தம் போன்ற குரல் இதன் வழியாகவே கேட்டதென்றும், மூன்று பிளவும் திரித்துவத்தைக் குறிக்கின்றன என்றும் சொல்கிறார்கள்.

அன்று உள்ளே என்னோடு இருந்தவர்கள் மூன்று பேர். கறுப்பு உடை அணிந்த ஒரு மூதாட்டி திருவோவியத்தை முத்தமிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, பாறைக்குழிவில் கை வைத்துச் சிறிது நேரம் அப்படியே குனிந்திருந்துவிட்டு, எவரையும் பாராமல் வெளியேறினார். அவர் செய்ததைப் பார்த்த பிறகுதான், முதல் நாள் நான் ஒரு காட்சிப்பொருளைத் தேடி வந்திருந்தேன் என்பது எனக்கு உறைத்தது. வெளிப்படுத்தின விசேஷத்தின் காட்சிகள் அளவில் அச்சமூட்டுபவை: ஏழு முத்திரைகள், ஏழு எக்காளங்கள், வானத்திலிருந்து இறங்கும் நகரம். அவை அனைத்தும் ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கக்கூட முடியாத இந்தப் பாறை மூலையில் எழுதப்பட்டன என்று மரபு சொல்வதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. குகை இதைவிடப் பெரிதாக இருந்திருந்தால் அந்தப் பொருத்தம் கெட்டிருக்கும்.

குகைக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன், அந்த விதி இல்லாவிட்டால் வரிசை இன்னும் மெதுவாக நகரும். முழங்கால் தெரியும் உடையோடு வருபவர்களை உள்ளே விடுவதில்லை. எனக்குக் குறையாகப் பட்டது வேறொன்று. வழிகாட்டிகள் பேசுவதைக் கேட்டால், இந்த நூலை எழுதியவர் பன்னிரு சீடரில் ஒருவரான யோவான்தான் என்பதில் என்றைக்குமே ஐயம் எழுந்ததில்லை என்று தோன்றும். ஆனால், 3ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் ஆயர் தியொனீசியு, யோவானின் பெயரால் வழங்கும் நான்காம் நற்செய்தியின் கிரேக்க நடையும் இந்நூலின் நடையும் ஒன்றல்ல என்று காட்டி, எழுதியவர் வேறொரு யோவானாக இருக்கலாம் என்று வாதிட்டிருக்கிறார். நூலில் எழுதியவர் தம்மை யோவான் என்று மட்டுமே சொல்கிறார். தேவ வசனத்தின் நிமித்தம் பத்முவில் இருந்ததாகவும் சொல்கிறார். உரோமைப் பேரரசர் தொமித்தியனின் காலத்தில், கி.பி. 95ஆம் ஆண்டை ஒட்டி நாடு கடத்தப்பட்டார் என்பது பழைய திருச்சபை மரபு. இந்நூல் யாருக்கு எழுதப்பட்டதோ, எதிர்க்கரையிலிருந்த எபேசு, சிமிர்னா, பெர்கமு முதலிய அந்த ஏழு சபைகளும் அன்றைய ஆசிய மாகாணத்தில், இன்றைய துருக்கியில் இருந்தன என்பதைத் தீவின் உச்சியில் நின்று கிழக்கே பார்க்கும்போது வரைபடம் இல்லாமலே உணரலாம். இவற்றையெல்லாம் சொன்னால் வந்தவர்களின் பக்தி குறைந்துவிடும் என்று வழிகாட்டிகள் அஞ்சுகிறார்கள் போலும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

குகையை ஒட்டி, 1713இல் மக்காரியோஸ் கலோகெராஸ் என்ற கல்விமான் நிறுவிய பத்மியாஸ் என்னும் திருச்சபைப் பள்ளி இருக்கிறது. துருக்கியர் ஆட்சிக்காலத்தில் கிரேக்கக் கல்வியைக் காத்த பள்ளிகளில் அது ஒன்று.

ஸ்கலாவிலிருந்து மலைமேல் இருக்கும் ஹோரா என்ற ஊருக்குப் பேருந்து செல்கிறது. குகை இடைவழியில் இருக்கிறது. ஆனால், வாகனச் சாலைக்கு முன்பிருந்த கல் பாவிய பழைய நடைபாதை இன்னும் அழியாமல் இருக்கிறது. முழங்கால் வலி இல்லாதவர்கள் ஏறும்போது பேருந்தில் போய், இறங்கும்போது அந்தப் பாதையில் நடந்து வரலாம். பைன் மர நிழலும், ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே விரியும் துறைமுகமும் கிடைக்கும். மழை பெய்த கல் வழுக்கும். பேருந்து நேரங்களை நம்பி நாளை வகுத்துக்கொள்ள வேண்டாம்; நான் சென்ற வாரத்தில் கோடைக்கால அட்டவணை முடிந்துவிட்டிருந்தது, ஒட்டியிருந்த தாளோ பழையதாகவே இருந்தது.

மலையுச்சியில் நிற்பது புனித யோவான் மடம். கடலிலிருந்து பார்த்தால் கோட்டை என்றே நினைக்கத் தோன்றும். கட்டியவர்களின் நோக்கமும் அதுவே. கடற்கொள்ளையருக்கு அஞ்சி நெடுங்காலம் ஏறக்குறைய ஆளற்றுக் கிடந்த இத்தீவை, பைசாந்தியப் பேரரசர் முதலாம் அலெக்சியோஸ் கொம்னேனோஸ் 1088இல் கிறிஸ்தோதூலோஸ் என்ற துறவிக்கு முழுமையாகவே எழுதிக் கொடுத்தார். நிலத்தை மானியமாகப் பெறும் மடங்கள் உண்டு. இந்த மடமோ ஒரு தீவையே பெற்றது. தாக்குதல்கள் தொடரவே கிறிஸ்தோதூலோஸ் சில ஆண்டுகளில் தீவை விட்டு வெளியேற நேர்ந்தது; 1093இல் எவியா தீவில் அவர் இறந்தார். அவருடைய உடலைச் சீடர்கள் பிற்பாடு கொண்டுவந்து மடத்திலேயே வைத்தார்கள். அதன் பிறகு துருக்கியர், 1912 முதல் இத்தாலியர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மானியர், 1948இல் கிரேக்க நாடு என ஆட்சி மாறிக்கொண்டே இருந்தாலும், மடம் தன் வழிபாட்டை விடவில்லை. இன்றும் இது ஏதென்ஸ் பேராயரின் கீழ் வராது. கான்ஸ்தாந்திநோப்பிள் திருச்சபைத் தலைமையின் நேரடிப் பொறுப்பில் இருக்கிறது. 1999இல் யுனெஸ்கோ இந்த மடத்தையும் குகையையும் ஹோரா ஊரையும் சேர்த்தே உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

உள்முற்றம் சிறியது, கூழாங்கல் பதித்த தரை, அதைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் வளைவுகள், அவற்றுக்கு மேலே மணிகள். தலைமை ஆலயத்தின் முன்தாழ்வாரத்துச் சுவர்களில் யோவானின் அற்புதங்களை வரைந்திருக்கிறார்கள். அவற்றில் கீனோப்ஸ் என்ற மந்திரவாதியின் கதையைத் தேடிப் பாருங்கள். யோவானோடு போட்டியிட்டுக் கடலில் குதித்த அவனை, அவருடைய மன்றாட்டு கல்லாக்கிவிட்டதாம். ஸ்கலா துறைமுகத்தின் நீருக்கடியில் இருக்கும் ஒரு பாறைதான் அந்தக் கல் என்று ஊரார் காட்டுகிறார்கள். பீடத்தை மறைத்து நிற்கும், மரத்தால் செதுக்கிய திருத்திரை 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, பொன்பூச்சில் கண்ணைக் கூசச் செய்வது. என் மனம் தங்கியது அங்கே அல்ல, பக்கத்திலுள்ள கன்னி மரியாள் சிற்றாலயத்தில். அதன் சுவர்களில் பிற்கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்து கிடந்த 12ஆம் நூற்றாண்டின் ஓவியங்கள் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் வெளிப்பட்டன. ஆபிரகாம் வீட்டில் விருந்துண்ணும் மூன்று தூதர்களின் முகங்களில் இருக்கும் அமைதியைப் பார்க்க, உள்ளே கொஞ்சம் கண் பழகும் வரை நிற்க வேண்டும். குழுவோடு வருபவர்களுக்கு அந்த நேரம் கிடைக்காது.

தமிழர்களுக்கு இம்மடத்தோடு ஓர் உறவு உண்டு என்பதை நான் போன பிறகே அறிந்தேன். அப்போஸ்தலர் தோமாவின் மண்டையோடு என்று போற்றப்படும் புனிதப் பொருள் இங்கேதான் காக்கப்படுகிறது. பேரரசர் அலெக்சியோஸ் கொடுத்தது என்பது மரபு. தோமா யார் என்று நமக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? இதைக் காணவே வருபவர்கள் முன்கூட்டியே மடத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும். நான் சென்ற நாளில் காணக் கிடைக்கவில்லை.

அருங்காட்சியகத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. அதைச் செலுத்தத் தயங்காதீர்கள். தீவைத் தானமளித்த 1088ஆம் ஆண்டின் பொன்முத்திரை ஆணை அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. பேரரசரின் சிவப்பு மைக் கையொப்பத்தை அருகிலிருந்தே பார்க்கலாம். அதற்கு இணையாக என்னை நிறுத்தி வைத்தது, 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மாற்கு நற்செய்தியின் ஏடு. தோலைக் கருஞ்சிவப்பும் நீலமும் கலந்த சாயத்தில் தோய்த்து, அதன்மேல் வெள்ளியால் எழுதியிருக்கிறார்கள். இறைவனின் பெயர் வரும் இடங்களில் மட்டும் பொன். அந்தச் சுவடி எப்போதோ சிதறிப்போய், பெரும்பகுதி ருஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருக்கிறது. பத்முவில் இருப்பவை 33 ஏடுகள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகள் கொண்ட மடத்து நூலகம் பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதில்லை. ஆய்வாளர்கள் அனுமதி பெற்றுப் பார்க்கலாம். ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால், 895இல் படியெடுக்கப்பட்ட பிளேட்டோவின் அரிய சுவடி ஒன்றை 1801இல் இங்கே வந்த எட்வர்ட் டேனியல் கிளார்க் என்ற ஆங்கிலேயர் மடத்திலிருந்து வாங்கிச் சென்றுவிட, அது இன்று ஆக்ஸ்போர்டில் இருக்கிறது என்பதை அறிந்தவர்கள், துறவியர் கதவை இறுக மூடி வைப்பதைக் குறை கூற மாட்டார்கள்.

குறை கூற வேண்டியவை வேறு சில. அருங்காட்சியகத்தின் விளக்கக் குறிப்புகள் மிகச் சுருக்கமானவை. பொருளின் பெயரும் நூற்றாண்டும் தெரியும், அது ஏன் முக்கியமானது என்பது தெரியாது. முன்பே படித்துவிட்டு வராதவர்கள் வெள்ளி எழுத்து ஏட்டைக் கடந்து நடந்துவிடுவார்கள்; நடப்பதை நானே பார்த்தேன். படிகளும் உயர்ந்த வாசற்படிகளும் நிறைந்த இடத்தில் சக்கர நாற்காலிக்கு வழியே இல்லை. திறந்திருக்கும் நேரமும் குறைவு: நான் சென்ற வாரத்தில் பெரும்பாலான நாள்களில் காலையில் திறந்து பிற்பகல் தொடங்கியதும் அடைத்துவிட்டார்கள். மடம் துறவியரின் வீடு, காட்சிசாலை அன்று என்பதால் இதைப் புகாராக அன்றி எச்சரிக்கையாகவே எழுதுகிறேன்.

ஹோராவின் சந்துகளில் வழி தவறுவது எளிது, தவறினாலும் நட்டமில்லை. 1453இல் கான்ஸ்தாந்திநோப்பிள் வீழ்ந்த பிறகும், 1669இல் கிரீட் தீவு துருக்கியர் கைக்குப் போன பிறகும் அகதிகளாக வந்தவர்கள் மடத்தின் மதிலை அண்டி வீடு கட்டிக்கொண்டதால் ஊர் வளர்ந்தது. கொள்ளையர் குழம்ப வேண்டும் என்றே சந்துகளை வளைத்துக் கட்டினார்கள் என்கிறார்கள். ஊருக்கு வெளியே முகட்டில் மூன்று காற்றாலைகள் நிற்கின்றன. மாலையில் அங்கே வருகிறவர்கள் குறைவு.

உணவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஸ்கலாவின் கடற்கரை உணவகங்களில் சுட்ட கணவாய், வேகவைத்த கொண்டைக்கடலை, பாலாடைக்கட்டி வைத்த பணியாரம் ஆகியவை நன்றாக இருந்தன. துறைமுகத்தின் முன்வரிசையை விட்டு ஒரு தெரு உள்ளே போனால் விலை குறைகிறது. பூங்கியா என்று ஒரு தின்பண்டம் உண்டு: கொட்டைப் பருப்பையும் தேனையும் உள்ளே வைத்து, சுருக்குப்பை போல் மடித்து, மேலே சர்க்கரைப் பொடி தூவியது. பெயரின் பொருளும் பைகள் என்பதுதான். கடலில் இறங்க விரும்புவோருக்கு வடக்கே லம்பி கடற்கரை இருக்கிறது. வண்ணக் கூழாங்கற்களுக்குப் பேர் பெற்றது. கற்களை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாமல் வாருங்கள்.

எப்போது போவது என்பதுதான் பலரும் கேட்கும் கேள்வி. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. வெயிலும் கூட்டமும் சேர்ந்து வாட்டும். யோவானின் திருவிழாக்களான மே 8, செப்டம்பர் 26 ஆகிய நாள்களில் வழிபாடு சிறப்பாக இருக்கும், அறை கிடைப்பது அரிது. பெரிய வியாழனன்று ஹோராவின் பொது இடத்தில் நிப்திராஸ் என்ற சடங்கு நடக்கிறது: மடாதிபதி, இயேசுவின் இடத்தில் நின்று, சீடர்களாக அமர்ந்த பன்னிருவரின் பாதங்களைக் கழுவுகிறார். அதற்காக வருபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் உயிர்ப்புப் பெருவிழா பெரும்பாலான ஆண்டுகளில் நம் நாள்காட்டியின் ஈஸ்டரோடு ஒத்து வராது. தேதியைச் சரிபார்க்காமல் சீட்டு வாங்கி, ஒரு வாரமோ ஐந்து வாரமோ முன்னதாக வந்து நின்றால் சடங்கு இராது. அதே போல, ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேராதவர்களுக்கு வழிபாட்டில் நற்கருணை தருவதில்லை. வழிபாட்டில் நிற்கத் தடையில்லை. குழுவாக வந்து, தங்கள் போதகரோ குருவோ குகைக்குள் ஆராதனை நடத்தலாம் என்று எண்ணி வருபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

எத்தனை நாள் போதும் என்றால், இரண்டு முழு நாள்கள். ஒரு காலை குகைக்கு, ஒரு காலை மடத்துக்கு. இரண்டையும் திறக்கும் நேரத்தில். துறைமுகத்தில் எந்த நாள் சுற்றுலாக் கப்பல் வருகிறது என்று விடுதியில் கேட்டால் சொல்வார்கள். அந்த நாளின் காலையைக் கடலுக்கு ஒதுக்குங்கள். நான் இன்னொரு முறை போனால், கப்பலுக்கு அருகில் என்ற வசதிக்காக ஸ்கலாவில் அறை எடுக்க மாட்டேன். கடைசி மாலை ஹோராவில் மடத்து மணி கேட்டு வழிபாட்டுக்குள் நுழைந்து, பத்துப் பேருக்கும் குறைவானவர்களோடு தூண் ஓரம் நின்றுகொண்டிருந்தபோது, கடைசிப் பேருந்து போய்விட்டது. வாடகைக் காரும் கிடைக்காமல் அந்தக் கல் பாதையில் கைப்பேசி வெளிச்சத்தில் இறங்கி வர நேர்ந்தது. மலைமேல் தங்கும் அறைகள் குறைவு, விலையும் அதிகம். முன்கூட்டியே எழுதிக் கேட்டால் கிடைக்கும்.